பழைய வீட்டுக்குப் புது ஜன்னல்

உங்கள் வீடு பழைய வீடா? தாத்தா காலத்தில் கட்டியதா? ஜன்னல் கதவு சரியாக மூடவில்லையா? மழை பெய்தால் சாரல் உள்ளே வருகிறதா? நிலையைக் கரையான் அரிக்கிறதா?

"பழசைப் பிடுங்கிவிட்டுப் புது ஜன்னல் வைக்கலாம்" என்று தோன்றும். கடையில் தயாராக ஜன்னல்கள் கிடைக்கின்றன. ஆனால் கொஞ்சம் பொறுங்கள். சுவருக்கு ஏற்ற ஜன்னல் வாங்க வேண்டும். ஜன்னலுக்காகச் சுவரை உடைக்கக் கூடாது. உடைத்தால் பணமும் போகும், சுவரும் போகும்.

ஊருக்கு ஒரு ஜன்னல்

நம் நாட்டில் அந்தந்த ஊரின் வெயிலையும் மழையையும் பார்த்து ஜன்னல் வைத்தார்கள். ராஜஸ்தானில் வெயில் கடுமை. அங்கே கல்லில் சிறு சிறு துளைகள் போட்டு ஜன்னல் செய்தார்கள். ஜெய்ப்பூரில் 1799-இல் ஹவா மஹால் கட்டினார்கள். அந்தப் பெயருக்குக் காற்று மாளிகை என்று பொருள். அதில் 953 சிறு ஜன்னல்கள் உண்டு.

கோவாவில் பழைய வீடுகளில் கண்ணாடிக்குப் பதிலாகச் சிப்பி ஓட்டைப் பதித்தார்கள். வெளிச்சம் உள்ளே வரும். கண் கூசாது. புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர் காலத்து வீடுகளைப் பாருங்கள். ஜன்னல் கதவில் மரப்பட்டைகள் சாய்வாக இருக்கும். கதவை மூடினாலும் காற்று வரும்.

உங்கள் வீட்டு ஜன்னலுக்கும் ஒரு காரணம் இருக்கும். அதைத் தெரிந்துகொண்டு வேலையைத் தொடங்குங்கள்.

மாற்ற வேண்டுமா, பழுது பார்த்தால் போதுமா?

ஒரு திருப்புளியை எடுங்கள். நிலையைப் பல இடங்களில் குத்திப் பாருங்கள். எளிதாக உள்ளே இறங்கினால் அந்த இடம் மக்கிவிட்டது. பிறகு தட்டிப் பாருங்கள். பொத்தல் சத்தம் கேட்டால் உள்ளே கரையான் தின்றிருக்கலாம்.

பெரும்பாலும் நிலையின் அடிப்பகுதிதான் மக்கும். மழைத் தண்ணீர் அங்கேதான் தங்கும். அந்தத் துண்டை மட்டும் வெட்டி எடுத்து, புது மரத்தை ஒட்டுப் போடலாம். நல்ல ஆசாரிக்கு இது தெரியும். பழைய தேக்கு நிலையாக இருந்தால் அவசரப்பட்டு விற்றுவிடாதீர்கள். அதுபோன்ற மரத்தை இன்று வாங்கப் பெரிய தொகை ஆகும்.

கீல், தாழ்ப்பாள் மட்டும் கெட்டிருந்தால் அவற்றை மாற்றினாலே போதும்.

சுவரைக் கவனியுங்கள்

பழைய சுவர்களை மண்ணாலோ, செங்கல்லும் சுண்ணாம்பும் கொண்டோ கட்டியிருப்பார்கள். ஜன்னலுக்கு மேலே ஒரு மரப்பலகையோ செங்கல் வளைவோ இருக்கும். மேலே உள்ள சுவரின் பாரத்தை அதுதான் தாங்குகிறது. சில வீடுகளில் நிலையும் சேர்ந்து தாங்கும்.

நிலையைப் பிடுங்கும் முன் கொத்தனாரைக் கூப்பிட்டுக் காட்டுங்கள். மேலே விரிசல் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். முட்டுக் கொடுத்த பிறகே பிடுங்க வேண்டும். ஒரு நாளில் ஒரு ஜன்னல் மட்டும் மாற்றுங்கள்.

மண் சுவரிலும் சுண்ணாம்புச் சுவரிலும் சிமெண்டை அப்பாதீர்கள். சிமெண்ட் ஈரத்தை உள்ளே அடைத்துவிடும். சுவர் உதிரும். மண் சுவருக்கு மண், சுண்ணாம்புச் சுவருக்குச் சுண்ணாம்பு. அதுவே நல்லது.

பெயிண்டில் விஷம்

பழைய பெயிண்டில் ஈயம் இருக்கலாம். ஈயம் விஷம். அது குழந்தைகளின் மூளையைப் பாதிக்கும். வீட்டுப் பெயிண்டில் 10 லட்சம் பங்குக்கு 90 பங்குக்கு மேல் ஈயம் இருக்கக் கூடாது. இந்தச் சட்டம் 2017 நவம்பர் முதல் நடப்பில் உள்ளது. அதற்கு முன் அடித்த பெயிண்டில் கவனம் தேவை.

பெயிண்டைக் காய்ந்த நிலையில் சுரண்டாதீர்கள். தண்ணீர் தெளித்துச் சுரண்டுங்கள். குழந்தைகளையும் கர்ப்பிணிகளையும் தள்ளி இருக்கச் சொல்லுங்கள். தூசியை ஈரத்துணியால் துடைத்து எடுங்கள்.

எவ்வளவு பெரிய ஜன்னல்?

தேசியக் கட்டட விதித் தொகுப்பு ஒரு கணக்கு சொல்கிறது. புழுக்கமான ஊரில் அறையின் தரைப் பரப்பில் 6-இல் 1 பங்கு ஜன்னல் திறப்பு வேண்டும். வறண்ட வெயில் ஊரில் 10-இல் 1 பங்கு வேண்டும்.

ஓர் அறை 12 அடி நீளம், 10 அடி அகலம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.
தரைப் பரப்பு: 12 × 10 = 120 சதுர அடி.
புழுக்கமான ஊரில் தேவை: 120 ÷ 6 = 20 சதுர அடி.

பழைய ஜன்னல் 4 அடி உயரம், 3 அடி அகலம். இரண்டு ஜன்னல் சேர்ந்தால் 24 சதுர அடி. காற்று தாராளமாக வரும். கடையில் உள்ள 3 அடிக்கு 2 அடி ஜன்னல் இரண்டு வைத்தால் 12 சதுர அடிதான். அறையில் புழுக்கம். சமையலறையில் புகை நிற்கும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். நகர்த்தித் திறக்கும் இரண்டு கதவு ஜன்னலில் பாதிதான் திறக்கும். காற்றும் பாதிதான் வரும். கீல் வைத்த கதவு முழுவதும் திறக்கும்.

எதில் செய்வது?

மரம்: பழைய வீட்டுக்கு மிகவும் பொருந்தும். கரையான் மருந்தும் பெயிண்டும் தேவை.
இரும்பு: உறுதியானது. கடலோரத்தில் சீக்கிரம் துருப்பிடிக்கும்.
அலுமினியம்: கரையான் அரிக்காது. எடை குறைவு.
பிளாஸ்டிக்: கரையானும் துருவும் இல்லை. உடைந்தால் உள்ளூரில் சரி செய்வது கடினம்.

கேரளத்தில் பல வீடுகள் கட்டியவர் லாரி பேக்கர் (1917–2007). அவர் செங்கற்களை இடைவெளி விட்டு அடுக்கிக் காற்று வரச் செய்தார். ஒரே பலகையை மேலும் கீழும் குழியில் நிறுத்திச் சுழலும் ஜன்னலும் செய்யலாம் என்று காட்டினார். அதற்குக் கீலும் வேண்டாம். செலவும் குறைவு.

அளந்து எழுதுங்கள்

பழைய சுவர் நேராக இருக்காது. அகலத்தை மேல், நடு, கீழ் என மூன்று இடத்தில் அளக்கவும். உயரத்தையும் மூன்று இடத்தில் அளக்கவும். குறைந்த அளவை வைத்து ஜன்னல் செய்யச் சொல்லுங்கள்.

அளவு, மரத்தின் பெயர், விலை, முன்பணம், முடிக்கும் தேதி ஆகியவற்றைத் தாளில் எழுதுங்கள். நீங்களும் ஆசாரியும் கையெழுத்துப் போடுங்கள். ஒரு பிரதியை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு பேச்சு மாறாது. சண்டை வராது.

செய்து பாருங்கள்

1. உங்கள் அறையின் தரைப் பரப்பு எவ்வளவு?
2. உங்கள் ஜன்னல்களின் திறப்பு எத்தனை சதுர அடி?
3. அது போதுமா? கணக்குப் போட்டு நோட்டில் எழுதுங்கள்.