லினக்ஸில் நிறுவும்போது எதை முதலில் படிக்க வேண்டும்?

லினக்ஸில் ஒரு மென்பொருளை நிறுவும்போது என்ன வரப்போகிறது என்றுதான் எல்லோரும் பார்க்கிறோம். என்னைக் கேட்டால், என்ன போகப்போகிறது என்பதைத்தான் முதலில் பார்க்கணும்.

2021 நவம்பரில் வெளியான ஒரு யூடியூப் காணொளி இதற்கு நல்ல உதாரணம். லைனஸ் செபாஸ்டியன் என்ற பிரபல யூடியூபர், பாப் ஓஎஸ்ஸில் ஸ்டீம் என்ற கேம் செயலியை நிறுவப் பார்த்தார். வரைகலைக் கடை பிழை காட்டி நின்றுவிட்டது. சரி என்று டெர்மினலைத் திறந்து ஆப்ட் கட்டளையைக் கொடுத்தார். நீக்கப்படும் பொதிகளின் பட்டியலைக் காட்டி ஆப்ட் எச்சரித்தது. தொடர வேண்டுமென்றால் "எஸ், டூ ஆஸ் ஐ ஸே!" என்று முழுசாகத் தட்டச்சு செய்யச் சொன்னது. செய்தார். டெஸ்க்டாப்பே போய்விட்டது!

கேம் கேட்டதற்கு டெஸ்க்டாப் ஏன் போகணும்? ஸ்டீமுக்கு 32 பிட் நூலகங்கள் தேவை. ஒரே நூலகத்தின் 32 பிட், 64 பிட் வடிவங்கள் சேர்ந்து இருக்க வேண்டுமானால் இரண்டின் பதிப்பு எண்ணும் ஒன்றாக இருந்தாக வேண்டும். அன்று களஞ்சியத்தில் அந்த ஜோடி பொருந்தவில்லை. ஆப்ட் வெறும் கணக்குப் போடும் கருவி. 'ஸ்டீம் வேணும்' என்பது நம் கட்டளை. அதற்குக் குறுக்கே நிற்பதையும், அதை நம்பியிருப்பதையும் தூக்கிவிட்டால் கணக்கு நேராகிவிடும். அதற்கு டெஸ்க்டாப்பும் ஒரு பொதி, அவ்வளவுதான்.

இந்த மாதிரி சிக்கல் வந்தால் நான் செய்வது:

1. 'ஆப்ட் அப்டேட்' கொடுத்துப் பொதிப் பட்டியலைப் புதுப்பிப்பேன். பழைய பட்டியலால் வரும் பிழைகள் இதிலேயே தீர்ந்துவிடும்.

2. 'சிமுலேட்' விருப்பத்தோடு நிறுவல் கட்டளையைக் கொடுப்பேன். இது ஒத்திகை மட்டும், எதுவும் மாறாது. நீக்கப்படும் பட்டியலை இங்கே நிதானமாகப் படிக்கலாம்.

3. முட்டுகிற பொதியின் பெயரை 'ஆப்ட் பாலிசி'யிடம் கொடுப்பேன். எந்தப் பதிப்பு கணினியில் இருக்கிறது, எது எந்தக் களஞ்சியத்தில் கிடைக்கிறது என்று காட்டும். நாம் எப்போதோ சேர்த்து மறந்துபோன வெளிக் களஞ்சியம் பல நேரம் இங்கேதான் மாட்டும்.

4. கோளாறு களஞ்சியத்தில் என்றால் காத்திருப்பேன். பொருந்தும் பதிப்பு வந்ததும் அதே கட்டளை சத்தமில்லாமல் வேலை செய்யும்.

அந்தக் காணொளிக்குப் பிறகு ஆப்ட் 2.3.12 பதிப்பில் அந்த வாசகத்தையே எடுத்துவிட்டார்கள். அத்தியாவசியப் பொதிகளை நீக்க இப்போது தனி விருப்பத்தை நாமே எழுதிக் கொடுக்கணும். ஆனால் லிப்ரே ஆபீஸ் அத்தியாவசியப் பொதி இல்லை. அது நீக்கும் பட்டியலில் இருந்தால் ஆப்ட் இன்றும் ஒரே ஒரு 'ஒய்'தான் கேட்கும்.