நாட்டுச் சொத்தும் பாராளுமன்றத்தின் கையெழுத்தும்



2021-ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் ஒரு நாள் மாலை, அடுத்த வீட்டுச் சிறுவன் ஒருவன் பத்திரிகையும் கையுமாக என் வீட்டுத் திண்ணைக்கு வந்தான். பத்தாம் வகுப்பில் படிப்பவன். ஏர் இந்தியா நிறுவனத்தை டாட்டா குழுமத்தாருக்கு விற்க அரசாங்கம் முடிவு செய்த செய்தி அன்று வெளியாகியிருந்தது. "ஐயா, எங்கள் தாத்தாவின் மனையை விற்றபோது அப்பா, பெரியப்பா, அத்தை எல்லோரும் ரிஜிஸ்டர் ஆபீசுக்குப் போய்க் கையெழுத்துப் போட்டார்கள். அத்தை ஊரிலிருந்து வரத் தாமதமானதால் கிரயமே நாலு நாள் தள்ளிப் போயிற்று. நாட்டு விமானக் கம்பெனியை விற்கிறார்களே, இதற்கு யார் யார் கையெழுத்துப் போட்டார்கள்?" என்று கேட்டான்.

முப்பது ஆண்டுகளுக்கு மேல் வகுப்பறையில் குடிமையியல் கற்பித்தவன் நான். யோசிக்காமல், "பாராளுமன்றம்தான் போட்டது, தம்பி" என்று கூறிவிட்டேன். அவன் திருப்தியோடு எழுந்து போனான். எனக்குத்தான் திருப்தியில்லை. அக்டோபர் மாதத்தில் பாராளுமன்றம் கூடவே இல்லையே! கூடாத சபை எவ்வாறு கையெழுத்திட்டிருக்க முடியும்? அவசரத்தில் தவறான விடை கூறிய ஆசிரியன், அதைத் திருத்தும் வரையில் கடனாளியே. அந்தக் கடனைத் தீர்க்க நான் படித்தறிந்தவற்றையே இன்று உங்களுக்குச் சொல்லப் போகிறேன்.

முதலில் இந்தச் சொத்து நாட்டுக்கு எவ்வாறு வந்தது என்று பார்ப்போம். 1932-ஆம் ஆண்டு அக்டோபர் 15-ஆம் நாள், ஜே. ஆர். டி. டாட்டா ஒரு சிறு விமானத்தில் தபால் பைகளை ஏற்றிக்கொண்டு கராச்சியிலிருந்து பம்பாய்க்குத் தாமே ஓட்டி வந்தார். அங்கிருந்து அவருடைய தோழர் நெவில் வின்சென்ட் பெல்லாரி வழியாக நம் சென்னைக்கு அத்தபாலைக் கொண்டுவந்து சேர்த்தார். அவ்வாறு பிறந்த கம்பெனி 1946-இல் ஏர் இந்தியா என்று பெயர் மாறியது. 1948-இல் வெளிநாட்டுப் போக்குவரத்துக்கென ஏற்பட்ட ஏர் இந்தியா இன்டர்நேஷனலில் அரசாங்கம் நூற்றுக்கு 49 பங்கு பெற்றது. 1953-இல் பாராளுமன்றம் விமானக் கழகங்கள் சட்டத்தை இயற்றியது. அதன்படி தனியார் விமானக் கம்பெனிகள் நாட்டுடைமையாயின. ஆக, நாடு இச்சொத்தை வாங்கியபோது பாராளுமன்றத்தின் கையெழுத்து ஐயத்திற்கிடமின்றி இருந்தது.

அப்படியானால் விற்கும்போதும் அக்கையெழுத்து வேண்டாமா? இக்கேள்வி நம் உச்ச நீதிமன்றத்தின் முன் 2003-இல் வந்தது. ஹிந்துஸ்தான் பெட்ரோலியம், பாரத் பெட்ரோலியம் ஆகிய இரு எண்ணெய்க் கம்பெனிகளையும் தனியாருக்கு விற்க அரசாங்கம் முற்பட்டது. அவற்றைப் பாராளுமன்றம் சட்டமியற்றி நாட்டுடைமையாக்கியிருந்தது. ஆகையால் அச்சட்டங்களை மாற்றாமல் அவற்றைத் தனியாருக்கு விற்க இயலாது என்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆனால் 2001-இல் பால்கோ என்னும் அலுமினியக் கம்பெனியின் வழக்கில், பங்குகளை விற்பது அரசாங்கத்தின் பொருளாதாரக் கொள்கையைச் சேர்ந்தது, அதில் நீதிமன்றம் தலையிடுவதற்கில்லை என்று அதே நீதிமன்றம் கூறியிருந்தது. இரண்டும் முரணல்ல. ஒன்றின் அடியில் ஒரு சட்டம் நின்றது. மற்றொன்றின் அடியில் அத்தகைய தடை ஏதுமில்லை. வேறுபாடு அவ்வளவுதான்.

இனி ஏர் இந்தியாவுக்கு வருவோம். 1953-ஆம் ஆண்டுச் சட்டத்தைப் பாராளுமன்றமே 1994-இல் நீக்கிவிட்டது. கழகங்களாக இருந்த ஏர் இந்தியாவும் இந்தியன் ஏர்லைன்ஸும் சாதாரணக் கம்பெனிச் சட்டத்தின் கீழ் வரும் கம்பெனிகளாக மாறின. 2007-இல் இரண்டும் ஒன்றாயின. சட்டம் நீங்கிய பின், பங்குகளை விற்க அமைச்சரவையின் முடிவே போதுமானது. சிறுவனின் கேள்விக்கு முதல் விடை இங்கேதான் இருக்கிறது. பாராளுமன்றம் கையெழுத்திட்டது உண்மை. ஆனால் விற்பனைக்கு 27 ஆண்டுகளுக்கு முன்பே, விலையும் தெரியாமல், வாங்குபவரும் தெரியாமல் இட்ட கையெழுத்து அது.

எல்லா நாடுகளிலும் இவ்வாறே என்று எண்ணிவிடாதீர்கள். அயர்லாந்து நாட்டில் ஏர் லிங்கஸ் என்னும் விமானக் கம்பெனி உண்டு. அதன் பங்குகளை விற்பதற்குக் கீழ்ச்சபையின் ஒப்புதல் வேண்டும் என்று 2004-ஆம் ஆண்டுச் சட்டம் அங்கே விதித்தது. 2015-இல் அரசாங்கம் தன் வசமிருந்த 25.1 சதவிகிதப் பங்கை விற்க விரும்பியபோது, சபை விவாதித்து வாக்களித்த பின்னரே விற்பனை நடந்தது. சிறுவனின் அத்தையைப் போல அங்கே சபைக்காகக் கிரயம் காத்திருந்தது என்று சொல்லலாம்.

அவ்வாறாயின் நம் பாராளுமன்றம் கைகட்டி நிற்கும் சபையா? அன்று. அதனிடம் நான்கு கருவிகள் உள்ளன.

முதலாவது, கேள்வி நேரம். கடன் எவ்வளவு, நஷ்டம் எவ்வளவு, ஊழியர் கதி என்ன என்று எந்த உறுப்பினரும் அமைச்சரைக் கேட்கலாம். அமைச்சர் கூறும் விடை அச்சில் ஏறி நிலைத்துவிடுகிறது.

இரண்டாவது, குழுக்கள். 1993 முதல் துறைவாரியாக நிலைக்குழுக்கள் இயங்குகின்றன. இன்று ஒவ்வொன்றிலும் லோக் சபையினர் 21 பேரும் ராஜ்ய சபையினர் 10 பேரும் இருக்கிறார்கள். அதிகாரிகளை அழைத்து, பத்திரங்களை வரவழைத்து, சபையின் ஆரவாரமில்லாமல் விசாரிக்க இங்கே இடமுண்டு. ஆயினும் இவற்றின் பரிந்துரை அரசாங்கத்தைக் கட்டுப்படுத்தாது.

மூன்றாவது, கணக்குத் தணிக்கை. தலைமைக் கணக்குத் தணிக்கை அதிகாரியின் அறிக்கை பாராளுமன்றத்தின் முன் வைக்கப்படுகிறது. 2011-இல் வைக்கப்பட்ட அறிக்கை, 111 விமானங்களைப் பெரும்பாலும் கடன் வாங்கியே வாங்கத் துணிந்ததைக் கடுமையாகக் கண்டித்தது. நோயின் மூலத்தை அது சுட்டிக் காட்டியது. ஆனால் விமானங்களுக்கு உத்தரவு கொடுத்து ஐந்தாறு ஆண்டுகள் கழிந்த பிறகு!

நான்காவதே வலிமை மிக்கது, அதுதான் பணப்பை. பாராளுமன்றம் சட்டமியற்றி அனுமதித்தாலன்றி, இந்தியாவின் தொகுநிதியிலிருந்து ஒரு காசும் எடுக்க இயலாது. அரசியலமைப்பின் 114-ஆம் விதி இதை உறுதி செய்கிறது.

இப்போது ஒரு சிறு கணக்குப் போடுவோம். 2018-இல் நூற்றுக்கு 76 பங்கை விற்க முயன்றபோது ஒருவர்கூட முன்வரவில்லை. 2020-இல் முழுப் பங்கையும் விற்பதாக அறிவித்தார்கள். முடிவில் டாட்டா குழுமத்தாரின் விலை 18,000 கோடி ரூபாயாக அமைந்தது. அதில் ரொக்கமாக அரசாங்கத்துக்கு வந்தது 2,700 கோடி. எஞ்சிய 15,300 கோடி, வாங்கியவர் ஏற்றுக்கொண்ட கடன். 2021 ஆகஸ்டு இறுதியில் இருந்த மொத்தக் கடன் 61,562 கோடி. கழித்துப் பாருங்கள்: 46,262 கோடி ரூபாய்க் கடன் நம்மிடமே தங்கியது. அதை ஏற்பதற்கென்றே அமைந்த அரசாங்கக் கம்பெனிக்கு, 14,718 கோடி மதிப்புள்ள நிலமும் கட்டடங்களும் முதலிய சொத்துகளும் சென்றன. 2021 டிசம்பரில் அக்கம்பெனிக்காக 62,057 கோடி ரூபாய் துணை மானியமாகப் பாராளுமன்றத்தில் கோரப்பட்டது. சபை அதை அளித்தது. 2022 ஜனவரி 27-ஆம் நாள் விமானங்கள் கை மாறின.

இது சிறுவனுக்கு இரண்டாவது விடை. பாராளுமன்றம் மீண்டும் ஒரு கையெழுத்து இட்டது. அது மனையை விற்பதற்கான கையெழுத்தன்று, மனையின் மேலிருந்த கடனைத் தீர்ப்பதற்கான கையெழுத்து. அதுவும் ஒப்பந்தம் முடிந்த பிறகு வந்தது. மறுத்திருக்கலாமே என்றால், சட்டப்படி மறுத்திருக்கலாம். ஆனால் கடன் கொடுத்த வங்கிகளிடம் நாடு வாக்குத் தவறியதாக ஆகியிருக்கும்.

விற்றது சரியா, தவறா என்று நீங்கள் என்னைக் கேட்கக்கூடும். நாளொன்றுக்கு ஏறக்குறைய 20 கோடி ரூபாய் நஷ்டம் என்றும், அந்தப் பணம் பள்ளிக்கும் மருத்துவமனைக்கும் போகலாமே என்றும் அரசாங்கத் தரப்பில் கூறினார்கள். அதில் நியாயமுண்டு. ஏலத்தில் குறைந்தபட்ச விலையாக 12,906 கோடி வகுக்கப்பட்டிருந்தது. இரண்டாவது கேள்வி 15,100 கோடிதான். ஆதலால் விலை குறைவு என்று எளிதில் குற்றம் சாட்டவும் முடியாது. அதே சமயம், ஆண்டுக்கணக்கில் கடன் வளர்ந்தபோது தடுக்காமல் இருந்தவர் யார், விற்பதற்கு முன் சபையின் ஒப்புதலைக் கேட்டிருந்தால் என்ன குறைந்திருக்கும் என்று கேட்பவர்கள் பக்கமும் நியாயமுண்டு. சரி தவறு என்பதை உங்கள் அறிவுக்கே விட்டுவிடுகிறேன்.

ஒன்று மட்டும் உறுதியாகச் சொல்வேன். கம்பெனி தனியாருடையதான கணத்திலேயே பாராளுமன்றத்தின் கண்ணும் அதன்மேல் மங்கிவிடுகிறது. அதன் அன்றாட நிர்வாகத்தைப் பற்றி அமைச்சரைக் கேட்க இயலாது. அரசாங்கத் தணிக்கையும் அங்கே செல்லாது. ஏறக்குறைய 12,000 ஊழியர்களை ஓராண்டுக்கு வேலையிலிருந்து நீக்கக்கூடாது என்பது போன்ற நிபந்தனைகளை விற்பனைப் பத்திரத்திலேயே எழுதிவிட வேண்டியிருந்ததற்கு இதுவே காரணம். விற்பதற்கு முன் கேட்காத கேள்வியைப் பின்பு கேட்க வழியில்லை. ஆகையால் ஆராய வேண்டிய காலம், கிரயத்துக்கு முந்திய காலமே.

பின்னொரு நாள் அச்சிறுவனை அழைத்து, "நான் அன்று சொன்னது பாதிதான் சரி" என்று இவை யாவற்றையும் கூறினேன். கேட்டுவிட்டு அவன் சொன்னான்: "அப்படியானால் ஐயா, எங்கள் அத்தையை நாலு நாள் முன்னாலேயே வரச் சொல்லியிருக்க வேண்டும்." நான் ஒரு மணி நேரம் சொன்னதை அவன் ஒரு வாக்கியத்தில் சொல்லிவிட்டான்.

மாணவர்களே, நாளை நீங்கள் வாக்களிப்பீர்கள்; உங்களில் சிலர் அச்சபைகளிலும் அமர்வீர்கள். பொதுச் சொத்தொன்று விலைக்கு வருகிறது என்று கேள்விப்படும்போது, யார் வாங்கினார் என்பதோடு நின்றுவிடாதீர்கள். அதன் கடன் யாரிடம் தங்கியது, அதை யார் எப்போது ஆராய்ந்தார் என்றும் கேளுங்கள்.