பீஸ் ரேட்டில் அடங்காத கணக்கு

(தொடர் – 9)

நூல், நிட்டிங், சாயம், கட்டிங், தையல், செக்கிங், பேக்கிங் என்று ஒரு டி-ஷர்ட்டின் அடக்க விலையைப் பைசா வரை பிரித்துவிடும் ஊர் திருப்பூர். தொண்டு நிறுவனங்களை எடைபோடும்போதும் இங்கே அதே பழக்கம்தான். எத்தனை பெண்களுக்குப் பயிற்சி கொடுத்தீர்கள், தலைக்கு எவ்வளவு ஆனது, நிர்வாகச் செலவு எத்தனை சதவீதம் என்று கேட்பார்கள். அந்தப் பயிற்சியால் என்ன மாறியது என்ற கேள்வி எழுவது அபூர்வம். சட்டமும் செலவைத்தான் பார்க்கிறது. வெளிநாட்டு நன்கொடை பெறும் அமைப்புகளின் நிர்வாகச் செலவு வரம்பை, வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தின் 2020 திருத்தம் 50 சதவீதத்திலிருந்து 20 ஆகக் குறைத்தது. கம்பெனிகள் செலவிடும் சமூகப் பொறுப்பு நிதியின் பலனை வெளியார் மதிப்பிட வேண்டும் என்று 2021-இல் விதி வந்தது உண்மை. ஆனால் ஆண்டுக்கு 10 கோடி ரூபாய் செலவிடக் கடமைப்பட்ட நிறுவனங்களுக்கே அது பொருந்தும். லாபத்தில் 2 சதவீதம் என்ற கணக்குப்படி, சராசரி லாபம் 500 கோடி இருக்க வேண்டும். சிறு, நடுத்தர பனியன் கம்பெனிகள் அந்த எல்லைக்கு அருகில்கூட வராது.

பலனை எப்படி அளப்பது என்பதற்குப் பக்கத்திலேயே சான்று உண்டு. கேப் (Gap) என்ற ஆடை நிறுவனத்தின் பயிற்சித் திட்டம் ஒன்று, பெங்களூரில் ஷாஹி எக்ஸ்போர்ட்ஸின் ஆடை ஆலைகளில் பெண்களுக்குப் பேச்சுத்திறன், நேர மேலாண்மை போன்றவற்றைக் கற்றுத்தந்தது. அச்யுத அத்வர்யு, நம்ரதா காலா, அனந்த் நிஷாதம் ஆகியோர் அதை ஆராய்ந்தார்கள். விண்ணப்பித்தவர்களில் குலுக்கல் முறையில் சிலருக்கே இடம் கிடைத்ததால், இடம் கிடைக்காதவர்களோடு ஒப்பிட முடிந்தது. பயிற்சி முடிந்த எட்டு மாதங்களில் கம்பெனிக்குச் செலவு போக ஏறத்தாழ 250 சதவீத லாபம். பெண்களின் சம்பள உயர்வோ சுமார் அரை சதவீதம். முதலாளிக்கு இது அருமையான முதலீடு. தொழிலாளிக்காக உழைக்கும் அமைப்பு இதே எண்களைப் பார்த்துக் கவலைப்பட வேண்டும். யாருக்குக் கிடைத்த பலன் என்று கேட்காமல் போட்ட பணத்தின் மதிப்பைச் சொல்லவே முடியாது.

இதெல்லாம் பெரிய ஆய்வாளர்களுக்குச் சரி, நாலு பேர் வேலை செய்யும் அறக்கட்டளைக்குக் கட்டுப்படியாகுமா என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் எளிய வழியும் உண்டு. ஃப்ரீடம் ஃபண்ட் என்ற நிதி அமைப்பின் ஆதரவில் தமிழகக் கிராமங்களில் கொத்தடிமைத்தனத்துக்கு எதிராக நடந்த பணியில், ஊர் மக்களே கூடி உட்கார்ந்து குடும்பங்களைக் கணக்கெடுத்தார்கள். சசெக்ஸ் வளர்ச்சி ஆய்வு நிறுவனமும் பிராக்சிஸ் அமைப்பும் அதை வழிநடத்தின. கொத்தடிமைப் பிடியில் இருந்த குடும்பங்களின் பங்கு சில ஆண்டுகளில் 56 சதவீதத்திலிருந்து 11 ஆனது. இது முன்பும் பின்பும் எடுத்த கணக்கு என்பதால், இறக்கம் முழுவதையும் தொண்டு நிறுவனங்களின் பெயரில் எழுதிவிட முடியாது. கூலி நிலவரமும் அரசுத் திட்டங்களும் அதில் கலந்திருக்கும். அப்படியிருந்தும், எத்தனை கூட்டம் போட்டோம் என்ற பட்டியலைவிட இது ஆயிரம் மடங்கு நேர்மையானது.

எண்களை வாசிக்கவும் நிதானம் வேண்டும். ஆலையின் உள் புகார்க் குழுவுக்குப் பயிற்சி கொடுத்த பிறகு பாலியல் தொல்லைப் புகார்கள் கூடினால், அது பெரும்பாலும் பெண்களுக்குத் துணிவு வந்ததன் அடையாளம். புகார் குறைந்தால்தான் அடுத்த தவணை என்று ஒப்பந்தம் எழுதும் நன்கொடையாளர், அந்தப் பெண்களின் வாயை அடைக்கத்தான் பணம் கொடுக்கிறார்.