பங்குக் கணக்கும் பால்மரக் காடும்: கொள்கை ஆய்வு நிறுவனங்களின் நம்பகத்தன்மை குறித்து

கொள்கை ஆய்வு நிறுவனம் என்பது அரசுத் துறைக்கும் பல்கலைக்கழகத்திற்கும் இடைப்பட்ட நிலையில் நின்று, பொதுக் கொள்கைக்கான தரவுகளையும் பரிந்துரைகளையும் அளிக்கும் அமைப்பாகும். சிந்தனைக் குழாம் என்றும் இதனை வழங்குவர். இங்கிலாந்தில் 1884இல் தோன்றிய ஃபேபியன் கழகத்தையும் அமெரிக்காவில் 1916இல் வேர்கொண்ட புரூக்கிங்ஸ் நிறுவனத்தையும் இதன் முன்னோடிகளாகக் கூறலாம். மலேசியாவில் 1983இல் ஐசிஸ் எனப்படும் அனைத்துலக வியூக ஆய்வுக் கழகமும், 1985இல் மலேசியப் பொருளாதார ஆய்வுக் கழகமும் நிறுவப்பட்டன. பின்னர்க் கட்சிகளும் வணிக நிறுவனங்களும் மாநில அரசுகளும் தத்தமக்கென இத்தகைய அமைப்புகளை உருவாக்கிக்கொண்டன. பேராக் மாநில அரசுக்கென ஈப்போவில் டாருல் ரிட்சுவான் கழகம் அமைந்தது.

இந்நிறுவனங்களின் சொல்லை எந்த அளவுக்கு நம்பலாம்? பணம் தருபவர் யார் என்று பார்த்தால் போதும் என்பர் சிலர். அது கேட்கவேண்டிய கேள்விதான். வாஷிங்டனின் புகழ்பெற்ற ஆய்வு நிறுவனங்கள் சில அயல்நாட்டு அரசுகளிடம் பெருந்தொகை பெற்றதை நியூயார்க் டைம்ஸ் நாளேடு 2014இல் வெளியிட்டபோது அங்கே பெரும் விவாதம் எழுந்தது. ஆயினும் 2006இல் நம் நாட்டில் நிகழ்ந்ததை நோக்குமிடத்து, அக்கேள்வியோடு நின்றுவிட இயலாது எனத் தோன்றுகிறது.

18.9 விழுக்காடும் 45 விழுக்காடும்

1971இல் தொடங்கிய புதிய பொருளாதாரக் கொள்கை, நிறுவனப் பங்குரிமையில் பூமிபுத்ராக்கள் 30 விழுக்காட்டை எட்டவேண்டும் என்ற இலக்கை வகுத்தது. ஒன்பதாவது மலேசியத் திட்டம் தந்த கணக்கின்படி 2004இல் அவர்களது பங்கு 18.9 விழுக்காடு, சீனர்களுடையது 39 விழுக்காடு, இந்தியர்களுடையது 1.2 விழுக்காடு. இந்நிலையில், ஆஸ்லி எனப்படும் ஆசிய வியூகத் தலைமைத்துவக் கழகத்தின் கீழ் இயங்கிய பொதுக் கொள்கை ஆய்வு மையம், பூமிபுத்ராக்களின் பங்கு 45 விழுக்காடு வரை இருக்கக்கூடும் என்ற முடிவை வெளியிட்டது. மையத்தின் இயக்குநராக இருந்தவர் டாக்டர் லிம் டெக் கீ.

இரு கணக்குகளுக்கும் இடையே இத்துணை வேறுபாடு எங்ஙனம் வந்தது? அரசு, வரையறுக்கப்பட்ட நிறுவனங்கள் அனைத்தின் பங்குகளையும் அவற்றின் முகப்பு விலையில் மதிப்பிட்டது. ஒரு ரிங்கிட் என அச்சிட்ட பங்கு சந்தையில் பத்து ரிங்கிட்டுக்கு விற்றாலும் கணக்கில் அது ஒரு ரிங்கிட்டே. நடுவண் அரசும் மாநில அரசுகளும் வைத்திருந்த பங்குகள் எந்த இனத்தார் கணக்கிலும் சேரவில்லை. ஆய்வு மையமோ, பங்குச் சந்தையில் இடம்பெற்ற ஏறத்தாழ ஆயிரம் நிறுவனங்களை மட்டும் எடுத்துக்கொண்டு சந்தை விலையில் கணக்கிட்டது. அரசுசார் நிறுவனங்களின் உரிமையில் 70 விழுக்காட்டைப் பூமிபுத்ராக்களுக்கு உரியதாகக் கொண்டது. இந்த 70 விழுக்காடு ஓர் ஊகமே. அதனை மறுத்து வாதிட இடமுண்டு. சந்தைக்கு வராத சிறு நிறுவனங்கள் விடுபட்டதும் ஒரு குறையே. ஆனால், இக்குறைகளை நாம் இன்று சுட்ட முடிவதற்குக் காரணம், மையம் தன் வழிமுறையை மறைக்காமல் எழுதி வைத்ததுதான். (பின்னாளில், 2016ஆம் ஆண்டின் நிறுவனச் சட்டம் முகப்பு விலை என்னும் முறையையே நீக்கிவிட்டது.)

மாற்றுக் கணக்கு ஒன்றை முன்வைத்து அறிவுலகம் விவாதித்திருக்க வேண்டிய செய்தி இது. நிகழ்ந்தது வேறு. அரசியல் தலைவர்களின் கண்டனம் பெருகியதும், 2006 அக்டோபரில் ஆஸ்லியின் தலைவர் மிர்சான் மகாதீர், ஆய்வின் அடிப்படைகள் பிழையானவை எனக் கூறி அதனைத் திரும்பப் பெற்றார். ஆய்வை முன்னின்று நடத்தியவர் அதற்கு உடன்படாமல் பதவி விலகினார். ஆய்வாளர் தம் முடிவில் நிலைத்திருக்க, நிறுவனத்தின் தலைமை அதனைக் கைவிட்டது. நிறுவனத்தின் பெயரை நம்புவதா, ஆய்வை நம்புவதா என்னும் வினா நம் நாட்டில் இத்துணைத் தெளிவாக எழுந்தது அரிது.

மறைந்துபோன மற்றொரு தாள்

இந்தப் பரபரப்பில் நம் சமூகத்தார் பலர் கவனியாது விட்ட செய்தி ஒன்றுண்டு. அதே மையம், ஒன்பதாவது மலேசியத் திட்டத்திற்கு அளித்த முன்மொழிவுகளில், குறைந்த வருமானம் பெறும் மலேசிய இந்தியர்களுக்கு உதவி எவ்வாறு சென்றுசேர வேண்டும் என்பது பற்றியும் தனியே எழுதியிருந்தது. பங்குரிமைச் சர்ச்சையின் இரைச்சலில் அதனைப் பற்றிப் பேசுவார் இலர். அடுத்த ஆண்டு, 2007 நவம்பர் 25ஆம் நாள், இண்ட்ராஃப் பேரணிக்காகப் பல்லாயிரவர் கோலாலம்பூர்ச் சாலைகளில் திரண்டனர்.

பங்குரிமை என்னும் அளவுகோலே பேராக்கின் தோட்டப்புற மக்களுக்கு எட்டாத ஒன்று என்பதையும் இங்குக் கூறவேண்டும். ஐம்பதுகளில் தோட்டத் துண்டாடல் பரவியபோது, மலாயாப் பல்கலைக்கழகப் பொருளாதாரத் துறை உங்கு அசிஸ் தலைமையில் அதனை ஆராய்ந்து, 1951 முதல் 1960 வரையிலான நிலையை 1962இல் நூலாக வெளியிட்டது. தோட்டம் கைமாறும்போது லயத்தில் வாழ்ந்தவர்க்கு என்ன நேர்கிறது என்பது அன்று ஆய்வுப் பொருளாயிற்று. பின்னர், பால்மரம் சாய்ந்து செம்பனை எழுந்தபோதும், வீட்டுமனைகள் எழுந்தபோதும், சுங்கை சிப்புட், தாப்பா, பீடோர் வட்டாரக் குடும்பங்கள் பல நகர்ப்புற மலிவு வீடுகளுக்குப் பெயர்ந்தன. பெயர்ந்த கணமே புள்ளிவிவரத்தில் அவை 'நகர்ப்புறக் குடும்பங்கள்' ஆயின. தோட்டம் என்னும் சொல் அவற்றின் பதிவிலிருந்து நீங்கியது.

வறுமைக்கோடும் அவற்றைக் காணவில்லை. 2016இல் ஒரு குடும்பத்துக்கான சராசரி வறுமைக்கோடு மாதம் 980 ரிங்கிட். அவ்வாண்டு சூலை முதல் தீபகற்பத்தின் குறைந்தபட்சச் சம்பளமோ 1,000 ரிங்கிட். ஒருவர் மட்டும் குறைந்தபட்சச் சம்பளத்திற்கு உழைத்தாலும் சராசரிக் குடும்பம் கோட்டைத் தாண்டிவிடும். நாட்டின் வறுமை 0.4 விழுக்காடு என்று அறிவித்துப் பெருமைப்பட்டோம். 2020இல் கோடு 2,208 ரிங்கிட்டாகத் திருத்தப்பட்டபோது, 2019ஆம் ஆண்டுக்குரிய வறுமை 5.6 விழுக்காடாயிற்று.

இக்குறையில் நமக்கும் பங்குண்டு. சில ஆண்டுகளுக்கு முன்னர் ஓர் ஆய்வு நிறுவனத்தின் வினாநிரலைத் தமிழாக்கித் தந்தோம். களப்பணிக்கு மாணவர்களையும் அனுப்பினோம். 'உங்களிடம் பங்குகள் உள்ளனவா?' என்பது அதில் ஒரு வினா. ஈப்போ, புந்தோங்கில் முதிய அம்மையார் ஒருவர், சுங்கை சிப்புட் பக்கத்தில் முப்பதாண்டு மரம் வெட்டியவர், இவ்வினாவைக் கேட்டதும் எழுந்துபோய்த் தகரப்பெட்டியைத் திறந்தார். "இருக்கும்மா, சம்பந்தன் சங்கத்துப் பங்கு. எங்க வீட்டுக்காரரு பத்து பத்து வெள்ளியாக் கட்டுனது" என்று பழைய தாள் ஒன்றை மாணவியிடம் நீட்டினார்.

துண்டாடலுக்கு விடையாகத் துன் சம்பந்தன் 1960இல் தொடங்கிய தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தின் பங்கு அது. தொழிலாளர் சேர்த்த பணத்தில் அச்சங்கம் தோட்டங்களையே வாங்கியது. கூட்டுறவுச் சங்கம் நேரடியாக வைத்திருக்கும் நிலம் நிறுவனப் பங்குக் கணக்கில் வாராது, 18.9ஐத் தந்த கணக்கிலும் இல்லை, 45ஐத் தந்த கணக்கிலும் இல்லை. வினாநிரலின் குறிப்போ, சந்தைப் பங்கும் யூனிட் டிரஸ்டும் மட்டுமே பங்கு என்றது. மாணவி நமக்குத் தொலைபேசியில் அழைத்து, என்ன எழுதுவது என்று கேட்டார். குறிப்பில் உள்ளபடியே எழுதுங்கள் என்றோம். 'இல்லை' என்று எழுதினார்.