குழந்தைப் பராமரிப்புத் தொகையும் வருமான வரியும் (ஐக்கிய அமெரிக்கா)

குழந்தைப் பராமரிப்புத் தொகை என்பது, பிரிந்து வாழும் பெற்றோருள் ஒருவர் தம் குழந்தையின் உணவு, உறைவிடம், கல்வி முதலிய செலவுகளுக்காக மற்றவருக்கு வழங்கும் பணம் ஆகும். ஐக்கிய அமெரிக்காவில் இத்தொகையை மாநில நீதிமன்றங்களோ உரிய மாநில அமைப்புகளோ நிர்ணயிக்கின்றன. ஆனால், குழந்தையைத் தம்மைச் சார்ந்தவராகக் காட்டி வருமான வரிச் சலுகை பெறும் உரிமையை நடுவண் அரசின் வரிச் சட்டமே முடிவு செய்கிறது. இவை இரண்டும் வெவ்வேறானவை. தொகையைத் தவறாமல் செலுத்துவதனால் மட்டும் ஒருவருக்கு இவ்வுரிமை கிடைப்பதில்லை.

தொகையின் மீதான வரி

பராமரிப்புத் தொகையைச் செலுத்துபவர் அதனைத் தம் வருமானத்திலிருந்து கழிக்க இயலாது. பெறுபவருக்கும் அது வரிக்குரிய வருமானம் அன்று.

சலுகைக்கு உரியவர்

ஆண்டில் அதிக இரவுகள் குழந்தை யாருடன் தங்கியதோ, அவரே காப்பாளரான பெற்றோர் எனக் கருதப்படுகிறார். எடுத்துக்காட்டாக, குழந்தை தாயுடன் 210 இரவுகளும் தந்தையுடன் 155 இரவுகளும் தங்கியிருப்பின் தாயே காப்பாளர் ஆவார். தந்தை மாதந்தோறும் 900 டாலர் செலுத்தி வந்தாலும் இது மாறாது. இரவுகள் சமமாக இருப்பின், சரிசெய்யப்பட்ட மொத்த வருமானம் அதிகமுள்ளவர் காப்பாளராகக் கொள்ளப்படுவார்.

உரிமையை விட்டுக்கொடுத்தல்

காப்பாளர் விரும்பினால் படிவம் 8332 இல் கையொப்பமிட்டு உரிமையை மற்றவருக்கு அளிக்கலாம். அவர் அதனைத் தம் வரி அறிக்கையுடன் இணைக்க வேண்டும். இதன்மூலம் குழந்தை வரிச் சலுகை அவருக்குச் செல்லும். 2025 ஆம் வரி ஆண்டில் இதன் உச்ச அளவு, 17 வயதுக்குட்பட்ட குழந்தை ஒன்றுக்கு 2,200 டாலர் ஆகும். குடும்பத் தலைவர் என்னும் வரித் தகுதி, உழைப்பு வருமானச் சலுகை, குழந்தை பார்த்துக்கொள்ளும் செலவுக்கான சலுகை ஆகியவற்றை இவ்வாறு மாற்றித்தர இயலாது.

நீதிமன்ற ஆணை

2008 ஆம் ஆண்டிற்குப் பின் வழங்கப்பட்ட மணமுறிவு ஆணையை இப்படிவத்திற்குப் பதிலாக இணைக்க இயலாது. சலுகை தந்தைக்கே என ஆணை கூறியும் தாய் கையொப்பமிட மறுத்தால், தந்தை நாட வேண்டியது நீதிமன்றத்தையே, வரித்துறையை அன்று. இருவரும் ஒரே குழந்தைக்குச் சலுகை கோரினால், வரித்துறை இருவரிடமும் விளக்கம் கேட்கக்கூடும். அப்போது பள்ளி, மருத்துவப் பதிவுகள் குழந்தை வாழ்ந்த இடத்திற்குச் சான்றாகப் பயன்படுகின்றன.

நிலுவை

பராமரிப்புத் தொகை நிலுவையில் இருப்பின், செலுத்த வேண்டியவருக்குத் திரும்பக் கிடைக்கும் வரிப் பணத்திலிருந்து அது பிடித்தம் செய்யப்படலாம். 1981 ஆம் ஆண்டுச் சட்டம் இதற்கு வழிவகுத்தது.