குஞ்சா, குட்டியா?

"அம்மா, குருவிக் குட்டி விழுந்து கிடக்கு!" என்று என் சின்ன மகன் கத்தினான். "முட்டையிலேருந்து வந்தா குஞ்சு, வயித்திலேருந்து வந்தா குட்டிடா" என்று திருத்தினார்கள் என் அத்தை. அவன் விடுவானா? "பாம்பும் முட்டைதானே அப்பத்தா போடுது? பாம்புக்குட்டின்னுதானே சொல்றோம்!" அத்தைக்குப் பதில் வரவில்லை. எனக்கும்தான்.

யோசித்தால் அவன் கேட்டது நியாயம். மீனுக்கும் ஆமைக்கும் குஞ்சு என்கிறோம், முதலைக்கோ குட்டி. (கண்ணாடிவிரியன் நிஜமாகவே குட்டி போடுகிற பாம்பு, அது வேறு சங்கதி.) தொல்காப்பியத்தின் மரபியலில் இளமைப் பெயர்கள் ஒன்பது வருகின்றன. அதில் குஞ்சு என்ற சொல்லே கிடையாது! பறவையின் இளசுக்குப் பார்ப்பு, பிள்ளை என்று பெயர். ஊர்வனவற்றுக்கும் அவையேதான். பார்ப்பு பேச்சில் மறைந்துவிட்டது. கிளிப்பிள்ளை என்னும்போது பிள்ளை மட்டும் நம் வாயில் மிச்சம்.

நம் சிவகங்கை மாவட்டத்துப் பொத்தகுடியில் அதைப் பிள்ளையாகவே பார்த்தார்கள். 2020-இல் தெருவிளக்கு சுவிட்ச் பெட்டிக்குள் ஒரு சின்னப் பறவை கூடு கட்டி முட்டையிட்டது. சுவிட்சைத் தொட்டால் அது கலையும். குஞ்சு பொரித்துப் பறக்கும்வரை, ஒரு மாதத்துக்கு மேல், ஊரே இருட்டில் இருந்தது. கைப்பிள்ளைக்காரிகளும் அந்த இருட்டில்தானே நடமாடியிருப்பார்கள்!

எங்கள் வீட்டுக் குஞ்சுக்கு வருகிறேன். கண் திறக்காத வெறும் சதை. பையன் பாலாடையோடு வந்துவிட்டான். பால் கூடவே கூடாது. தண்ணீரை வாயில் விட்டாலும் புரையேறிச் செத்துப்போகும். "கை பட்டா தாய் சேர்க்காது" என்றார்கள் அத்தை. அது நாம் காலங்காலமாகச் சொல்வது. பெரும்பாலான பறவைகள் அப்படி ஒதுக்குவதில்லை. இறகு முளைக்காததைக் கூட்டிலேயே திரும்ப வைக்க வேண்டும். இறகு முளைத்துத் தத்தித் தத்திப் போனால் எடுக்கவே வேண்டாம், பூனை வராமல் பார்த்தால் போதும், தாய் பக்கத்தில்தான் இருக்கும். தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவச் சொல்லுங்கள். பறவை எச்சத்தில் வயிற்றுப்போக்குக் கிருமி உண்டு.

வளவு ஓட்டு இடுக்கிலிருந்த கூடு எங்களுக்கு எட்டவில்லை. பழைய கொட்டானில் வைக்கோல் போட்டுக் குஞ்சை வைத்து, கூட்டுக்குக் கீழே கட்டித் தொங்கவிட்டேன். மூவரும் பட்டாலைத் தூணுக்குப் பின்னால் மூச்சுக்கூட விடாமல் நின்றோம். அரை மணி கழித்துத் தாய்க்குருவி வாயில் புழுவோடு வந்து கொட்டான் விளிம்பில் உட்கார்ந்தது.

"பிள்ளையைத் தேடி வந்துடுச்சு" என்றார்கள் அத்தை.