பல்லுக்குப் பாலிசி பணம் தருமா?



மிளகாய் மூட்டை வந்து இறங்கினால் பிரித்துப் பார்க்கிறோம். ஈரம் இருக்கிறதா என்று கையில் அள்ளிப் பார்த்த பிறகே பணம் கொடுக்கிறோம். ஆனால் மருத்துவக் காப்பீட்டுப் பாலிசியை மட்டும் படிக்காமலே பீரோவில் வைத்துப் பூட்டிவிடுகிறோம். பல்வலி வந்து, கையிலிருந்து பணம் கட்டி, பில்லை அனுப்பிய பிறகுதான் உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்பது தெரியவருகிறது. "வருஷம் தவறாமல் பிரீமியம் கட்டுகிறோமே, பல்லுக்கு ஏன் ஒரு பைசா வரவில்லை?" என்று ராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் நம் அங்கத்தினர்கள் கேட்பதால் இதை எழுதுகிறோம்.

இரண்டு கடைக்காரர்கள்

ராஜபாளையத்தில் ஒரு மளிகைக் கடைக்காரருக்குக் கடைவாய்ப் பல் சொத்தை என்று வைத்துக்கொள்வோம். பல் டாக்டரிடம் நான்கு முறை போய் ரூட் கேனால் செய்து, கேப்பும் போட்டுக்கொள்கிறார். ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு பால்கோவா வியாபாரி ராஜபாளையம் சாலையில் பைக்கிலிருந்து விழுந்து, தாடை முறிந்து, முன்பற்கள் உடைந்து, ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் படுக்கையில் இருக்கிறார். இருவரிடமும் இருப்பது ஒரே மாதிரிப் பாலிசி. முதலாமவருக்குப் பணம் வராது. இரண்டாமவருக்கு வர வழியுண்டு.

காரணம் என்ன?

நம் நாட்டில் மெடிக்ளெய்ம் பாலிசியைப் பொதுத்துறைக் காப்பீட்டுக் கம்பெனிகள் 1986ஆம் ஆண்டு கொண்டுவந்தன. அது ஆஸ்பத்திரியில் சேர்ந்து படுப்பவருக்கான பாலிசி. குறைந்தது 24 மணி நேரம் உள்நோயாளியாக இருக்க வேண்டும் என்பது பொது விதி. அதற்குக் குறைந்த நேரத்தில் முடியும் சில ஆபரேஷன்களுக்கு விலக்கு உண்டு என்றாலும், வழக்கமாகப் புறநோயாளியாகச் செய்துகொள்ளும் சிகிச்சை அந்த விலக்கில் சேராது. பல் டாக்டரின் நாற்காலியில் நடப்பதெல்லாம் புறநோயாளி சிகிச்சைதான்.

பல் சிகிச்சை என்றால் என்ன என்பதையும் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் வரையறுத்திருக்கிறது. பல்லையும், பல்லைத் தாங்கும் பாகங்களையும் பற்றிய பரிசோதனை, அடைத்தல், கேப், பிடுங்குதல், ஆபரேஷன் எல்லாம் அதில் அடங்கும். ஆகவே "இது பல் அல்ல, ஈறு" என்று வாதாடிப் பயனில்லை. விபத்துக் காயத்தால் ஆஸ்பத்திரியில் சேர நேர்ந்தாலன்றிப் பல் சிகிச்சைக்குப் பணம் கிடையாது என்றுதான் பெரும்பாலான பாலிசிகள் சொல்கின்றன. பல்லை வெண்மையாக்குவது, அழகுக்காக வரிசைப்படுத்துவது போன்றவற்றுக்கும் கிடையாது.

ஆஸ்பத்திரி என்பதற்கும் வரையறை உண்டு. முறைப்படி பதிவு பெற்றதாக இருக்க வேண்டும். இல்லையேல் பத்து லட்சத்துக்குக் குறைந்த மக்கள்தொகை உள்ள நம் ஊர்களைப் போன்ற இடங்களில் குறைந்தது 10 படுக்கை, ஆபரேஷன் அறை, இரவு பகலாக டாக்டரும் நர்சும் இருக்க வேண்டும். படுக்கை இல்லாத பல் கிளினிக் இதில் வராது.

வரவேண்டிய பணத்தை விடாதீர்கள்

பால்கோவா வியாபாரிக்கு வரவேண்டிய பணமும் காகிதக் குறையால் நின்றுபோகக்கூடும். ஆஸ்பத்திரியில் சேரும்போதே "சாலை விபத்தில் ஏற்பட்ட காயம்" என்று தேதியுடன் பதிவு செய்யச் சொல்லுங்கள். வெறுமனே "பல் உடைந்தது" என்று மட்டும் இருந்தால் கேள்வி வரும். சேர்ந்த 24 மணி நேரத்துக்குள் கம்பெனிக்குத் தகவல் தர வேண்டும் என்பது பல பாலிசிகளின் நிபந்தனை. எக்ஸ்ரே, டிஸ்சார்ஜ் சம்மரி, மருந்துச் சீட்டு, பில் எதையும் தொலைக்கக் கூடாது. வீடு திரும்பிய பின் செய்யும் தொடர் சிகிச்சைக்குப் பல பாலிசிகளில் 60 நாள் வரைதான் பணம் உண்டு. உடைந்த பல்லைக் கட்டும் வேலைக்கு எவ்வளவு தருவார்கள் என்பதை முன்கூட்டியே எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

வேறு வழிகள்

2020 ஏப்ரலில் வந்த 'ஆரோக்ய சஞ்சீவனி' பாலிசியில் விபத்து மட்டுமின்றி, நோயால் தேவைப்படும் பல் சிகிச்சையும் சேர்க்கப்பட்டது. அதற்கும் ஆஸ்பத்திரியில் சேர்ந்தாக வேண்டும். பில்லில் 5 சதவீதம் நம்முடைய பொறுப்பு.

கூடுதல் பிரீமியம் வாங்கிக்கொண்டு புறநோயாளிப் பல் செலவைத் தரும் பாலிசிகளும் உண்டு. இங்கே வியாபாரக் கணக்குப் போடுங்கள். ஆண்டுக்கு 3,000 ரூபாய் கூடுதலாகக் கட்டி, அதிகபட்சம் 5,000 ரூபாய்தான் கிடைக்கும் என்றால், பல்வலி வராத வருஷம் நஷ்டம். காத்திருப்புக் காலம் எத்தனை மாதம், நம் ஊர் டாக்டர் அவர்கள் பட்டியலில் இருக்கிறாரா என்பதையும் பாருங்கள்.

கடை ஆட்களையும் மறக்க வேண்டாம். பத்துப் பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் இடங்களில், மாதம் 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்குவோருக்கு இ.எஸ்.ஐ. உண்டு. அதில் பல் வைத்தியமும் கிடைக்கும். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்கு உட்பட்ட குடும்பங்களுக்கு முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டம் பெரிய சிகிச்சைகளுக்கு உதவும். புகையிலை போடுகிறவர்களுக்கு வாயில் இரண்டு வாரம் ஆறாத புண் இருந்தால் அதைப் பல் சங்கதி என்று ஒதுக்காமல் உடனே காட்டுங்கள். வாய்ப் புற்றுநோய் ஆபரேஷன் பல் சிகிச்சைக் கணக்கில் சேராது. அதற்குக் காப்பீடு கைகொடுக்கும்.

பாலிசி வாங்கும்போது

சர்க்கரை நோய் இருந்தால் மறைக்காமல் எழுதுங்கள். முன்பே உள்ள நோய்க்கான காத்திருப்பு 2024 முதல் அதிகபட்சம் 36 மாதமாகக் குறைந்திருக்கிறது; மறைத்தால் பிறகு பெரிய கிளெய்முக்கே ஆபத்து. முக்கிய விவரங்கள் அடங்கிய தகவல் தாளைத் தமிழில் கேட்டு வாங்கலாம். படித்துப் பார்த்துப் பிடிக்கவில்லை என்றால், பாலிசி கைக்கு வந்த 30 நாளுக்குள் திருப்பிக் கொடுக்கலாம். 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் மருத்துவக் காப்பீட்டுப் பிரீமியத்துக்கு ஜி.எஸ்.டி. இல்லை. ரசீதில் சரிபாருங்கள்.

கிளெய்ம் மறுக்கப்பட்டால் எந்த விதியின்படி என்று எழுத்தில் கேளுங்கள். முதலில் கம்பெனியிடம் புகார் செய்யுங்கள். ஒரு மாதத்தில் தீராவிட்டால் சென்னையிலுள்ள இன்சூரன்ஸ் ஆம்பட்ஸ்மேனுக்கு ஓராண்டுக்குள் எழுதலாம். கட்டணம் இல்லை, வக்கீலும் தேவையில்லை.

ஆகவே பெரிய விபத்துக்கும் பெரிய நோய்க்கும் பாலிசி. சில்லறைப் பல் செலவுக்கு நம் சேமிப்பு. மாதாமாதம் சிறு தொகை எடுத்து வையுங்கள். சொத்தை சிறிதாக இருக்கும்போதே அடைத்துவிட்டால் ரூட் கேனால் செலவு மிஞ்சும். பல் போனால் சொல் போச்சு என்பார்கள். நம் வியாபாரமோ சொல்லில்தான் நடக்கிறது.